மதுரை கே.கே.நகர் சோப்பு சாமான் கடை: கோகம் பட்டருக்கு தாராளமா போகலாம், ரோஸ்வுட் பக்கம் போகாதீங்க

வீட்ல சோப்பு, லிப் பாம் போடுறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. ரெடிமேட் க்ரீம், ஃபேஸ்வாஷ் தேடுறவங்களுக்கு இங்க பெருசா ஒண்ணும் இல்ல. ஆர்ச் தாண்டி உள்ள போற தெருவுல மாடில இருக்கு, போர்டு சின்னதுதான், கீழ இருக்க ஜெராக்ஸ் கடைய அடையாளம் வச்சுக்கோங்க. முன்னெல்லாம் காஸ்டிக் சோடா, எண்ணெய், பூலாங்கிழங்குன்னு பாதி சாமான் கீழமாசி வீதில அலைஞ்சு வாங்கி, பட்டர் வகையறாவ ஆன்லைன்ல போட்டுட்டு கூரியர் எப்ப வரும்னு ஒக்காந்திருக்கணும், வெயில் காலமா இருந்தா டப்பாவுக்குள்ள பாதி எண்ணெயாத்தான் வந்து சேரும், அந்தத் தொல்லை இப்ப இல்லங்கறதே பெரிய விஷயம்.

உள்ள போனதும் எடது பக்கம் செவுத்துல பச்சை போர்டு, கிளி படம் எல்லாம் போட்டு 'மழைக்காட்டுப் பொருட்கள்'னு ஒரு ஷெல்ஃப் இருக்கும். எல்லாரும் அங்கதான் முதல்ல நிப்பாங்க. அதுல இருக்க எல்லாத்தையும் ஒரே கணக்குல நம்பிடாதீங்க, அதுக்குத்தான் இம்புட்டு நீளமா எழுதுறேன்.

முதல்ல கோகம் பட்டர். சூப்பர். கோகம்ங்கறது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல, கொங்கணம் கோவா கர்நாடகா பக்கத்து மழைக்காட்டுல வளர்ற மரம், மீன்கொழம்புக்குப் போடுற கொடம்புளி இருக்குல்ல, அதுக்கு சொந்தக்கார மரந்தான். பழத்தோல காயவச்சு சர்பத்துக்கும் கொழம்புக்கும் எடுத்துடுவாங்க, மிஞ்சுற கொட்டைலேர்ந்து எடுக்குறது இந்த பட்டர், அதனால இதுக்குன்னு தனியா மரத்த வெட்டவோ காட்டத் திருத்தவோ வேண்டியதில்ல. கடைக்காரம்மாகிட்ட "பழுத்து விழுந்தத பொறுக்குறாங்களா, இல்ல கிளைய வெட்டி எறக்குறாங்களா"ன்னு சும்மா போட்டுப் பாத்தேன், அசராம அவங்க வாங்குற ஊரு, சீசன், கொட்டைய எப்படிக் காயவைக்கிறாங்கன்னு எல்லாத்தையும் சொன்னாங்க, போன்ல போட்டோ வேற காட்டுனாங்க. ரீஃபைன் பண்ணாதது லேசா சாம்பல் கலந்த வெள்ளைல கட்டியா இருக்கும், கத்தி எறங்காது, நான் தேங்கா துருவுற மாதிரி துருவித்தான் எடுக்குறேன். 38லேர்ந்து 40 டிகிரி வரைக்கும் தாங்கும்ங்கறதால நம்ம ஊரு வெயிலுக்கு இதவிட்டா வேற கெதியில்ல, சித்திரை மாசம் ஹேண்ட்பேக்ல போட்டு வச்ச லிப் பாம் அப்படியே நின்னுச்சு. இதுல ஸ்டியரிக் ஆசிட் பாதிக்கு மேல இருக்கறதால சோப்பும் கெட்டியா வரும், மொத்த எண்ணெய்ல பத்துல ஒரு பங்கு இதப் போட்டாலே பாமாயில் இல்லாம சோப்பு நிக்குது. அரைக்கிலோ 620 ரூபா, ஆன்லைன் வெலைய விட கொஞ்சம் கூடத்தான், ஆனா நேர்ல பாத்து மோந்து பாத்து வாங்கலாம்ல.

அடுத்து தேன்மெழுகு, கோத்தகிரி பக்கத்துல இருந்து வருதாம். சின்னச் சின்ன வெள்ளை முத்தா வர்ற ப்ளீச் பண்ண மெழுகு மாதிரி இல்ல, அடர் மஞ்சளா, தேன் வாசத்தோட பாளம் பாளமா இருக்கு, ஒண்ணு ரெண்டு கட்டில தூசியும் இருக்கும், உருக்கி வடிகட்டிக்கோங்க. அங்கத்த பழங்குடி மக்களான குறும்பர்கள் பாறைல தொங்குற மலைத்தேன் எடுக்குறப்ப தேன் இருக்க பக்கத்த மட்டும் அறுத்துட்டு புழு இருக்க பக்கத்த விட்டுட்டா கூடு திரும்பக் கட்டும், 1993ல ஆரம்பிச்ச கீஸ்டோன்னு ஒரு அமைப்பு கோத்தகிரில இந்த மாதிரி விஷயத்துல வேலை பாக்குது. 2006 வன உரிமைச் சட்டத்துல தேனும் மெழுகும் சிறு வனப்பொருள்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு, எடுக்குற உரிமையும் விக்கிற உரிமையும் அங்க காலங்காலமா இருக்க மக்களுக்குத்தான். அப்ப நம்ம சிறுமலை, கொடைக்கானல் பளியர்கள்கிட்ட ஏன் வாங்கலன்னு கேட்டேன், மாசாமாசம் ஒரே அளவுல கெடைக்காதும்மான்னாங்க. காட்டுப் பொருள்னா அப்படித்தான இருக்கும், கெடைக்கிற மாசம் மட்டும் வித்தா என்னவாம்? நான் காத்திருந்து வாங்குவேன்.

இனி அமேசான் காட்டு அய்ட்டங்கள். அங்கத்த மரங்களோட கொட்டைலேர்ந்து எடுக்குற குப்புவாசு பட்டர், முருமுரு பட்டர் ரெண்டும் ஒரிஜினல் மாதிரிதான் தெரியுது, தோலுக்கு நல்லா இழையுது, ஆனா ரெண்டுமே உடம்புச் சூட்டுக்கும் கீழயே உருகுற சாதி, மதுரைல ஃபேன் காத்துல வச்சாலே தளதளன்னு ஆயிடும், ஃப்ரிட்ஜ் இல்லாம வாங்காதீங்க. 100 கிராம் 700 ரூபா சொச்சம். பிரேசில்ல 2015லயே சட்டம் போட்டிருக்காங்க, அங்கத்த காட்டுச் செடிய வச்சு பொருள் செஞ்சா பதிவு பண்ணி லாபத்துல பங்கு குடுக்கணும்னு. இந்த டப்பா எந்தக் கூட்டுறவுலேர்ந்து வந்துச்சு, பேட்ச் நம்பர் என்னன்னு கேட்டா "மும்பை பார்ட்டிகிட்ட வாங்குறோம்"ங்கறதோட பதில் முடிஞ்சுருச்சு. கோகமுக்கு அவ்ளோ பேசுன அதே அம்மாதான். 700 ரூபா குடுக்குறவங்களுக்கு இந்த பதில் பத்தாது.

எனக்குக் கடுப்பானது ரோஸ்வுட் ஆயில்ல. 10 மில்லி 190 ரூபா, 'பிரேசில் ரோஸ்வுட், காட்டில் சேகரித்தது'ன்னு லேபிள். ஏங்க, அந்த எண்ணெய் கட்டைலேர்ந்து வடிக்கிறது, வழக்கமா மரத்த சாய்ச்சுத்தான் எடுப்பாங்க, சென்ட்டுக்காக வெட்டி வெட்டியே காட்டுல அருகிப் போயி 2010ல சைட்டிஸ்ங்கற, அருகிவர்ற உயிரினங்களோட வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல சேத்தாங்க, நாடு விட்டு நாடு போகணும்னா பர்மிட் வேணும். அந்த வெலைக்கு நெசமான சரக்கு வராது. வாசனைக்கு முக்கியக் காரணம் லினலூல், அது கற்பூர மர ஜாதிலேர்ந்தும் எடுக்கலாம், ஃபேக்டரிலயும் செய்யலாம், அப்படின்னா அதையே லேபிள்ல போட்டு வித்துட்டுப் போங்களேன், ஒண்ணும் கேவலம் இல்ல. கவுண்டர்ல இருந்த தம்பி "அக்கா அது நேச்சுரல்தான்கா"ன்னு மூணு தடவ சொன்னான், பாவம் அவனுக்கு என்ன தெரியும். நேச்சுரலா இருந்தா அதுதான் பிரச்சனையேன்னு சொன்னேன், சிரிச்சான்.

அதே கிளி படத்துக்குக் கீழ அடித்தட்டுல சோப் நூடுல்ஸ் மூட்டை, அதாவது ரெடியா செஞ்சு வச்ச சோப்புத் துணுக்கு. பின்னாடி திருப்பிப் பாருங்க, முதல் வரிலயே சோடியம் பாமேட். பாமாயிலேதான்! இந்தோனேசியா மலேசியால மழைக்காட்ட அழிச்சு தோட்டம் போட்ட சமாச்சாரம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். காட்ட அழிக்காம எடுத்த பாமாயிலுக்குன்னு குடுக்குற ஆர்.எஸ்.பி.ஓ முத்திரை இருக்கேம்பாங்க, இருக்கு, ஆனா அதுல 'மிக்ஸ்டு'ன்னு போட்டிருக்கும், அப்படின்னா சான்று வாங்குன எண்ணெயும் வாங்காததும் வழில கலந்து வந்தது, உங்க மூட்டைல எது இருக்குன்னு யாரும் சொல்ல முடியாது. பாமாயிலே கூடாதுன்னும் நான் சொல்லல, ஒரு ஹெக்டேருக்கு அம்புட்டு எண்ணெய் தர்ற பயிர் வேற இல்ல, எல்லாரும் வேற எண்ணெய்க்கு மாறுனா இன்னும் நெலம்தான் கேக்கும். ஆனா அத மழைக்காட்டு ஷெல்ஃபுல வைக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும்.

மத்தபடி சர்வீஸ் நல்லாருக்கு. காஸ்டிக் வாங்குனா கையுறை போட்டீங்களான்னு கேட்டுட்டுத்தான் குடுப்பாங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அளவு கணக்கும் எழுதித் தர்றாங்க. எண்ணெய்க்கு நம்ம பாட்டில் கொண்டு போனா லிட்டருக்கு கொஞ்சம் கொறைப்பாங்க. கஸ்தூரி மஞ்சள் வெளிறுன நெறத்துல நெசமான சரக்கா இருக்கு, பளிச்சுன்னு மஞ்சளா இருக்கத விக்கல, அதுக்கு ஒரு சபாஷ். ஜிபே எடுக்குது, வண்டி நிறுத்தத்தான் எடமில்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்தத் தெருவுக்குள்ள கார்ல போயிடாதீங்க. ஞாயித்துக்கிழம லீவு.

அஞ்சுக்கு மூணரை. கோகம், மெழுகு, கஸ்தூரி மஞ்சளுக்கு மட்டும்னா நாலரை போட்டிருப்பேன்.