யூபிஎஸ்: இருபது ஆண்டுகள் என்பிஎஸ்ஸில் இருந்தவள் சொல்வது

ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், அதாவது யூபிஎஸ், 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. நம் பிடித்தமும் அரசின் பங்கும் சேர்ந்து சந்தையில் முதலீடாகும் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸிலேயே இருப்பதா, இதற்கு மாறுவதா என்று எழுதிக் கொடுக்க முதலில் ஜூன் 30 வரை நேரம் கொடுத்தார்கள். பிறகு செப்டம்பர் 30, அதன் பிறகு நவம்பர் 30. மூன்று கெடுவும் தாண்டும்வரை நானும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஆறேழு மாதங்களில் படித்ததையும் போட்டுப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் குழப்பத்தில் இருப்பவர்களுக்கும், புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் 2005-ல் திருச்சியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். அப்போது வயது 28. 2037-ல் ஓய்வு. எங்கள் செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மேசையில் மூன்று பெண்கள். முதல் மேசை அக்கா 2003 கடைசியில் சேர்ந்தவர், அவருக்குப் பழைய ஓய்வூதியம், அதாவது பிடித்தமில்லாமல் அரசே தருவது. இரண்டாவது மேசைக்காரர் சேர்ந்தது 2004-ல். ஆனால் அவருடைய தேர்வு அறிவிப்பு 2003 டிசம்பர் 22-க்கு முன்பே வந்துவிட்டது. என்பிஎஸ் அறிவிக்கை வந்த தேதி அது. அந்தத் தேதிக்கு முன் விளம்பரமான பணியிடங்களில் சேர்ந்தவர்கள் ஒருமுறை பழைய திட்டத்துக்குத் திரும்பலாம் என்று 2023 மார்ச்சில் உத்தரவு வந்தது. அவர் திரும்பிவிட்டார், அவர் கட்டியிருந்த பணம் ஜிபிஎஃப் என்ற பொது சேமநல நிதிக் கணக்குக்குப் போனது. என் தேர்வு அறிவிப்பு 2004-ல் வந்தது, அதனால் எனக்கு என்பிஎஸ்தான். மூவரும் ஒரே கோப்பைப் பார்க்கிறோம், ஒரே அதிகாரிக்குப் பதில் சொல்கிறோம், மூவருக்கும் முதுமை மட்டும் வேறு வேறு.

ஓய்வூதியம் என்றால் என்ன என்பதை நான் தெரிந்துகொண்டது அம்மாவின் பாஸ்புக்கில். அப்பா போஸ்ட்மேன். 1998-ல் ஓய்வு பெற்று 2011-ல் காலமானார். அம்மாவுக்குக் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம், அடிப்படை 9,000 ரூபாய். ஜனவரியும் ஜூலையும் அகவிலை நிவாரணம் ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். 2024-ல் அம்மாவுக்கு 80 வயது நிறைந்தபோது அடிப்படையில் 20 விழுக்காடு கூடியது. 10,800 ஆயிற்று. 2025 ஜூலையில் 58 விழுக்காடு நிவாரணம் சேர்த்து 17,064 ரூபாய் ஆனது. மாத்திரைக்கும் பாலுக்கும் அம்மா என்னிடம் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. நான் கொடுத்தாலும் பேத்தி பேரில் போட்டுவிடுவார்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் என்பிஎஸ்ஸை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சம்பளத்தில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 10 விழுக்காடு பிடித்தம். அரசு முதலில் 10 போட்டது, 2019 ஏப்ரல் முதல் 14 போடுகிறது. தொடக்க ஆண்டுகள் மோசம். நான் சேர்ந்த புதிதில் மாதாமாதம் பிடித்த பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அலுவலகத்தில் பதில் சொல்ல ஆளில்லை. பிரான் அட்டை, அதாவது என்பிஎஸ் கணக்கு எண் அட்டை, கைக்கு வந்தது 2009-ல். அதற்குப் பிறகு ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் 2006-ல் ஏழு மாதப் பிடித்தம் காணவே இல்லை. 2004 முதல் 2012 வரை தாமதமாகவோ போடப்படாமலோ போன தொகைக்கு ஜிபிஎஃப் வட்டியோடு ஈடு கொடுக்க வேண்டும் என்று 2019-ல் அரசே அறிவித்தது. சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, மூன்று முறை எழுதிப் போட்டு, 2021-ல்தான் அந்தப் பணம் என் கணக்கில் ஏறியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பிரான் ஸ்டேட்மென்ட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாதவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி யூபிஎஸ். என் அடிப்படைச் சம்பளம் 50,500. 2025 ஜூலையின் அகவிலைப்படி 58 விழுக்காடு சேர்த்தால் 79,790. இந்தச் சம்பளத்திலேயே ஓய்வு பெறுவதாக வைத்துப் போட்ட கணக்கு இது. கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, 25,250. அதன்மேல் நிவாரணம் 14,645. மாதம் 39,895 ரூபாய். இதற்கு 25 ஆண்டுப் பணி வேண்டும். குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும், பத்து ஆண்டாவது முடித்திருந்தால் மாதம் 10,000-க்குக் குறையாது. ஒவ்வொரு ஆறு மாதப் பணிக்கும் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு மொத்தத் தொகையாகத் தருவார்கள். எனக்கு 32 ஆண்டு, 64 அரையாண்டு, 5,10,656 ரூபாய். பணிக்கொடை இதற்கு மேல் தனியாக.

என்பிஎஸ்ஸில் இதே கேள்விக்கு உறுதியான விடை இல்லை. கையில் 60 லட்சம் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 24 லட்சத்துக்காவது ஆன்யுட்டி வாங்க வேண்டும், அதாவது மொத்தமாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதாமாதம் ஓய்வூதியம் பெற வேண்டும். ஆண்டுக்கு 6 விழுக்காடு கிடைத்தால் மாதம் 12,000. மீதி 36 லட்சம் கையில். அந்த 12,000 முதல் மாதமும் 12,000, இருபதாவது ஆண்டும் 12,000. அம்மாவின் பாஸ்புக்கைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதுதான் பயம். 2037-ல் போதும் என்று தெரிகிற தொகை 2057-ல் மருந்துச் சீட்டுக்குக்கூடக் காணாது.

ஆகவே விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிற ஓய்வூதியம் என்ற அந்த ஒரு அம்சத்தில் மட்டும் யூபிஎஸ்ஸுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். பங்குச் சந்தை விழுந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறவருக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்பது சொன்னால் புரியாது. கணவனோ மனைவியோ மட்டும் துணையாக இருப்பவர்கள், பிள்ளைகள் சொந்தக் காலில் நின்றுவிட்டவர்கள், 25 ஆண்டு முடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் தைரியமாக இதைப் பார்க்கலாம். எங்கள் அலுவலக ஸ்டெனோ அண்ணனுக்கு நானே உட்கார்ந்து விருப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பிடிக்காவிட்டால் ஓய்வுக்கு ஓராண்டு முன்பு வரை ஒருமுறை என்பிஎஸ்ஸுக்குத் திரும்பலாம் என்று பின்னர் வந்த அறிவிப்பு அவருக்குத் துணிச்சல் கொடுத்தது.

ஆனால் படிவத்துக்குப் பின்னால் உள்ள விதிகளைப் படிக்கப் படிக்கக் குறைகள் தெரிந்தன. அரசு போடும் 18.5 விழுக்காட்டில் 10 மட்டும்தான் நம் பெயரில் ஏறும். மீதி 8.5 பொதுத் தொகுப்புக்குப் போகும். என்பிஎஸ்ஸில் என் கணக்குக்கு அரசு போடும் 11,171 ரூபாய் இங்கே 7,979 ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு தேவைக்குப் பணம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கட்டாவிட்டால் ஓய்வூதியமும் அந்த அளவுக்குக் குறையும். விருப்ப ஓய்வில் போனால் ஓய்வூதியம் அன்றே தொடங்காது, 60 வயது ஆகும் தேதிவரை காத்திருக்க வேண்டும். 80 வயதில் அம்மாவுக்குக் கூடிய அந்த 20 விழுக்காடு இதில் கிடையாது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது குடும்ப ஓய்வூதியம். ஓய்வு பெற்ற பிறகு நான் இறந்தால் என் கணவருக்கு என் ஓய்வூதியத்தில் 60 விழுக்காடு, மேலே போட்ட கணக்கில் நிவாரணத்தோடு 23,937 ரூபாய். பழைய திட்டத்தில் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு, கணக்குப் போட்டால் அதுவும் இதே தொகைதான், தொகையில் குறை சொல்லவில்லை. ஆனால் அது அவரோடு முடிந்துவிடும். ஓய்வு நாளன்று சட்டப்படி துணையாக இருந்தவருக்கு மட்டும்தான். மகளுக்கு இல்லை.

எங்கள் மகளுக்கு இப்போது பதினேழு வயது. அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்தவள். குளிப்பாள், சாப்பிடுவாள், பாட்டு போட்டால் தாளம் தட்டுவாள். தனியாகச் சம்பாதித்து வாழ முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் மேசை அக்காவுக்கு இப்படி ஒரு மகள் இருந்திருந்தால், பழைய விதிப்படி அந்தப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைத்திருக்கும். விதவை மகளுக்கும் விவாகரத்தான மகளுக்கும்கூடப் பழைய விதியில் வழி இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், என்பிஎஸ் ஆனாலும் யூபிஎஸ் ஆனாலும், பழைய விதிகளின்படியே குடும்பத்துக்கு ஓய்வூதியம் பெற வழி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நான் 2037-ல் ஓய்வுக்கு முந்தைய நாள் இறந்தால் என் மகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு. மறுநாள் ஓய்வு பெற்று, அதன் மறுநாள் இறந்தால், அவள் அப்பாவுக்குப் பிறகு ஒன்றுமில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் நான் என்பிஎஸ்ஸிலேயே இருந்துவிட்டேன். வாங்கிய முதலைத் திருப்பித் தரும் வகை ஆன்யுட்டியில் மாதத் தொகை குறைவாக இருந்தாலும், எங்கள் இருவருக்கும் பிறகு அந்த முதல் மகளுக்குப் போகும். கையில் வரும் 60 விழுக்காட்டையும் அவளுக்காகப் பாதுகாப்பாக வைக்கலாம். ஏறுகிற ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்து, ஏறாத ஒன்றை அவளுக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். என் பார்வையில் யூபிஎஸ்ஸுக்கு ஐந்துக்கு மூன்று. அந்த ஒரு விதி மாறினால் நாலரை தருவேன், நானே மாறியும் இருப்பேன்.

மாறுமா என்று கேட்கிறார்கள். யூபிஎஸ்ஸே சும்மா வந்துவிடவில்லை என்பதால் மாறும் என்றுதான் நம்புகிறேன். 2023-ல் அப்போதைய நிதிச் செயலாளர் டி.வி. சோமநாதன் தலைமையில் என்பிஎஸ்ஸை ஆராயக் குழு அமைத்தார்கள். அரசும் ஊழியர் சங்கங்களும் பேசும் அமைப்பான கூட்டு ஆலோசனைக் குழுவின் ஊழியர் தரப்பும் அதன் முன் பேசியது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ல் பழைய ஓய்வூதியம் கேட்டு வந்த ஊழியர்களால் டெல்லி ராம்லீலா மைதானம் நிரம்பியது. எங்கள் ஊரில் நாங்கள் உணவு இடைவேளையில் வாயிற்கூட்டம் போட்டோம், கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தோம். வேலைநிறுத்தம் செய்ய மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 7-ஆம் விதி விடாது. 1966-ல் தொடங்கிய அந்த ஆலோசனை அமைப்பில் பேச்சு முறிந்தால் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போக முடிவது சம்பளம், படிகள், வார வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றுக்குத்தான். ஓய்வூதியம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இதில் எங்களுக்கு இருப்பது பேசுவதும் கேட்பதும் மட்டும். 2024 ஆகஸ்ட் 24 அன்று ஊழியர் தரப்பைப் பிரதமர் சந்தித்தார், அன்றே அமைச்சரவை யூபிஎஸ்ஸுக்கு ஒப்புதல் கொடுத்தது. கேட்டதில் பாதி வந்தது.

டிசம்பர் 17 ஓய்வூதியர் நாள். ஓய்வூதியம் தானமல்ல, உரிமை என்று நகாரா வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். அன்று எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரு பக்க மனு கொடுத்தேன். யூபிஎஸ் குடும்ப ஓய்வூதியத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கைதான் அதில். 41 பேர் கையெழுத்திட்டார்கள். பழைய திட்டத்தில் இருக்கும் முதல் மேசை அக்காதான் முதல் கையெழுத்து. மனு கோட்டச் சங்கம் வழியாக மேலே போயிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லி இதே கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். மனுவோடு பிள்ளையின் இயலாமைச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள்.