என் 38,400 ரூபாயை முடக்கிவிட்டார்கள்: ஆன்லைனில் துணி விற்பவர்கள் கவனத்துக்கு

"உங்கள் விற்பனையாளர் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. இந்த முடிவு இறுதியானது." இன்று காலை வந்த மெயிலில் இருந்தது இவ்வளவுதான். காரணம் என்ற இடத்தில் "கொள்கைக்கு முரணான செயல்பாடு" என்று ஒரு வரி. எந்தச் செயல், எந்தச் சேலை, எத்தனாவது விதி, ஒன்றும் இல்லை. விற்று, வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட சேலைகளுக்கான என் 38,400 ரூபாய் அவர்களிடம் நிற்கிறது.

பெயர் சொல்லவில்லை. நாடு முழுக்கத் துணிமணி விற்கும் பெரிய ஆன்லைன் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் சுங்குடிச் சேலை வாங்கி விற்கிறேன். நிஜமான சுங்குடி தெரிந்தவர்களுக்குத் தெரியும்: பருத்தித் துணியில் நூலால் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். முடிச்சு இருந்த இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும், துணியும் அங்கங்கே லேசாகச் சுருங்கி எழும்பியிருக்கும். ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. மதுரை சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலை. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது.

கணக்கு தொடங்கும்போது அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் போனில் பேசினார். நல்ல தமிழ், நல்ல பணிவு. விதிகள் நீளமாக இருந்தன. அதில் ஒரு இடத்தில் "வாடிக்கையாளரைக் குழப்பக்கூடியதாகவோ பொருத்தமற்றதாகவோ நிறுவனம் கருதும் எதுவும்" நீக்கப்படலாம் என்று இருந்தது. இதற்கு என்ன அர்த்தம் தம்பி என்று கேட்டேன். "அதெல்லாம் டூப்ளிகேட் விக்கிறவங்களுக்கு அக்கா. உங்களை மாதிரி நேர்மையா விக்கிறவங்களை யாரும் தொட மாட்டாங்க. எதுனாலும் எனக்கு ஒரு போன் போடுங்க" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் அடுத்த லாட் சேலைக்கு முன்பணம் கொடுத்தேன்.

ஒவ்வொரு சேலைக்கும் கீழே "கையால் முடிச்சிட்டது, புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது" என்று எழுதியிருந்தேன். வாங்குபவருக்கு உண்மை தெரிய வேண்டுமே. முதலில் ஒரு சேலையின் லிஸ்டிங்கை, அதாவது விற்பனைப் பக்கத்தை, "குழப்பக்கூடிய விவரிப்பு" என்று நீக்கினார்கள். அப்புறம் இன்னும் சில. பிறகு பேமென்ட் நின்றது. இப்போது மொத்தமாக மூடிவிட்டார்கள்.

அதே சந்தையில், அதே தேடலில், முதல் வரிசையில் ஒரு பெரிய விற்பனையாளர் ஸ்கிரீன் பிரிண்ட் சேலையை "கைக்கட்டு சுங்குடி" என்று போட்டு விற்கிறார். புள்ளி எல்லாம் அச்சடித்தாற்போல் ஒரே அளவு, துணி தட்டையாக இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் "நம்பகமானவர்" முத்திரை வேறு. படத்தோடு புகார் கொடுத்தேன். "பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. உண்மையை எழுதிய என் விவரிப்பு குழப்பமாம், அந்தப் பொய் குழப்பமில்லையாம்! விதி தெளிவாக எழுதப்பட்டிருந்தால் இப்படிச் செய்ய முடியாது. "நிறுவனம் கருதும் எதுவும்" என்று எழுதி வைத்திருப்பதால்தான் ஆளுக்கு ஒரு நியாயம் நடக்கிறது.

அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். "அது வேற டீம் அக்கா" என்றார். இப்போது எடுப்பதே இல்லை. சாட்டில் முதலில் இயந்திரம், பிறகு ஒரு ஆள்: "மேடம், பாதுகாப்புக் காரணங்களால் விவரம் பகிர முடியாது." மேல்முறையீடு என்று ஒரு பெட்டி இருக்கிறது. தவறு என்னவென்று சொல்லாமல், "தவறு மீண்டும் நடக்காமல் இருக்க எடுத்த நடவடிக்கைகளை விவரிக்கவும்" என்று கேட்கிறது. நான் எதை விவரிப்பது? 38,400 ரூபாய் எப்போது வரும் என்று கேட்டதற்கு, "ரிட்டர்ன் வரலாம், அதற்காக நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்றார்கள். ரிட்டர்ன் கெடு எல்லாமே முடிந்துவிட்டது. அதைச் சொன்னதும் சாட்டை மூடிவிட்டார்கள். அந்த 38,400 ரூபாயில் பாதிக்கு மேல் முடிச்சுப் போடும் பெண்களின் கூலி. அவர்களிடம் போய் "பாதுகாப்புக் காரணம்" என்று நான் சொல்ல முடியுமா?

வக்கீலாக இருக்கும் உறவுக்காரத் தம்பியிடம் கேட்டேன். நம் நாட்டு 2020 மின்வணிக விதிகளின்படி, ஒரே வகை விற்பனையாளர்களுக்குள் ஏதாவது வித்தியாசம் காட்டினால் அதை ஒப்பந்தத்திலேயே சந்தை விவரிக்க வேண்டும் என்றான். என் ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு வரிகூட இல்லை. அந்த விதிகளிலேயே, சந்தையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அது நுகர்வோர் புகாருக்கு, விற்பவருக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலையிலிருந்து ஒரு வியாபாரியின் கணக்கை நிறுத்தினால் குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில் தர வேண்டும், முழுதாக மூடுவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னதாகவே சொல்ல வேண்டும். இங்கே ஒரு வரி மெயிலில் பிழைப்பை முடித்துவிடுகிறார்கள். வழக்கு என்றால் வேறு மாநிலத்தில்தான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். 38,400 ரூபாய்க்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் யார் ரயில் ஏறுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில: "நிறுவனம் கருதும்", "எங்கள் விருப்பப்படி" என்று விதியில் பார்த்தால் அங்கே பெரிய சரக்கை ஏற்றாதீர்கள். போனில் கொடுக்கும் வாக்கை அன்றைக்கே மெயிலில் எழுதி உறுதி கேளுங்கள். லிஸ்டிங், ஆர்டர், பாக்கித் தொகை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கணக்கு மூடினால் எதுவும் திறக்காது. பணம் சேர விடாதீர்கள், எடுக்க முடிகிற அன்றே எடுத்துவிடுங்கள். என்னைப் போல் யாருக்காவது பணம் நின்று, திரும்ப வாங்கியிருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறேன்.