ஹிமாலயனில் கூடுதல் விளக்குகள்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

பைக்குக்குக் கூடுதல் விளக்கு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். கடைக்காரரும் எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டுவார், கண் கூசும், உடனே பணம் கைமாறிவிடும். என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கில் ஒரு ஜோடி எல்இடி விளக்குகளைப் பொருத்தி சில வருடங்களாக ஓட்டுகிறேன். கொல்லிமலை, நாமக்கல் - சேலம் சாலை, அப்புறம் தெருவிளக்கே இல்லாத ஊர்ப்புறச் சாலைகள் என்று எல்லா இடத்திலும் அவை எரிந்திருக்கின்றன. வாட் கணக்கைவிட, வெளிச்சம் எப்படி விரிகிறது, எந்த உயரத்திலிருந்து விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். காரவள்ளி பக்கமாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த பைக்கில் ஹெட்லைட் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கிறது, ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பாது. கொண்டை ஊசியில் ஹேண்டிலை முழுக்கத் திருப்பினாலும் வெளிச்சம் நேரே தடுப்புச் சுவரையும் அதைத் தாண்டிய பள்ளத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் போக வேண்டிய உள்பக்கம் இருட்டு. அங்கேதான் சரளையும் கிடக்கும், மேலேயிருந்து வரும் பஸ்ஸும் திரும்பும். கூர்மையாகத் தூரம் போகும் ஸ்பாட் விளக்கு இதற்கு உதவாது. நண்பர் ஒருவரின் பைக்கில் அப்படி ஒரு ஜோடி இருந்தது. சேலம் சாலையில் அருமையாக இருந்த அதே விளக்கு மலையில் ஒன்றுக்கும் ஆகவில்லை. அதனால் நான் எடுத்தது பக்கவாட்டில் அகலமாக விரியும், வெளிச்சத்தின் மேல் விளிம்பு நேராக வெட்டப்பட்ட ஃபாக் (பனி விளக்கு) வகை. விளக்குக்கு 20 வாட். இன்றைக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை.

பொருத்தியது கிராஷ் கார்டின் கீழ்ப்பகுதியில், ஹெட்லைட்டைவிட நன்றாகத் தாழ்வாக. இதன் அருமை ஊர்ப்புறச் சாலையில் தெரியும். ஹெட்லைட் மேலேயிருந்து அடிப்பதால் குழியும் மேடும் ஒரே தட்டையாகத் தெரிகின்றன. தாழ்வான விளக்கோ சாலையைத் தடவிக்கொண்டு போகிறது. பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்குப் பின்னால் சாலை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை விழும். குழி என்றால் நம் பக்கத்து ஓரம் நிழலில் போய், எதிர் ஓரம் மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். அந்த நிழலின் நீளத்தை வைத்தே ஆழம் எவ்வளவு இருக்கும் என்று கண் பழகிவிடுகிறது. பிரேக்கைத் தொட நேரம் கிடைக்கிறது.

நிறத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் மஞ்சள், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் சுமார் 3000. மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எந்த நிறத்தையும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனியில் உண்மையாக உதவுவது தாழ்ந்த உயரமும் வெட்டப்பட்ட மேல் விளிம்பும்தான். மார்கழி விடியலில் கொல்லிமலைச் செம்மேட்டுப் பக்கம் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும். லோ பீமும் கீழ் விளக்குகளும் மட்டும் எரிந்தால் சாலையோர வெள்ளைக் கோடாவது பிடிபடும். நான் மஞ்சளை எடுத்ததற்குக் காரணம், நீண்ட நேரம் ஓட்டும்போது 6000 கெல்வின் வெள்ளையைவிட என் கண்ணுக்கு அது இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வயரிங்கில் மட்டும் பேரம் பேசாதீர்கள். ஹெட்லைட் வயரைச் சீவி அதிலேயே முறுக்கி டேப் சுற்றித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு விளக்கும் சேர்ந்து 40 வாட், 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் சொச்சம். இந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வழியாக வர வேண்டும். ரிலேயின் 30-ஆம் எண் முனைக்கு பேட்டரி பாசிட்டிவ், நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். 87-ஆம் எண் முனை விளக்குகளுக்கு. 85-ஆம் முனை எர்த். 86-ஆம் முனைக்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏதாவது ஒரு வயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக. இப்படிச் செய்தால் சாவியை எடுத்ததும் விளக்கும் அணையும். இந்த பைக்கில் கிக்கர் கிடையாது, பேட்டரியும் 8 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) கொள்ளளவுதான். எஞ்சின் ஓடாமல் விளக்கை எரியவிட்டு காட்டுப் பாதையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மீட்டர் வைத்துப் பாருங்கள். விளக்குகள் எரிய, எஞ்சின் ஓட்டத்தில் பேட்டரி முனையில் 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை.

கோணம் வைப்பதற்கு ஒரு மாலை முழுக்கச் செலவானாலும் தகும். டயர் காற்றைச் சரிபார்த்து, பைக்கில் ஆள் உட்கார்ந்த நிலையில், சுவருக்கு 8 மீட்டர் முன்னால் சமதரையில் நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். 8 மீட்டர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 106, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்கிறது. நண்பரை அங்கே நிற்க வைத்துக் கேட்டால் போதும். பின்னால் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும், அதையும் உட்கார வைத்தே பாருங்கள். அதற்காக ஒரேயடியாகத் தரையைப் பார்க்கவும் வைக்காதீர்கள். முன்சக்கரத்தை ஒட்டியே வெளிச்சம் கொட்டினால் கண்மணி சுருங்கி, தூரத்தில் இருப்பது மங்கிவிடும்.

அதே விதிகளில் 111, ஸ்பாட் லைட், சர்ச் லைட் வகைகளை முன்பக்கம் பொருத்துவதற்குத் தடை சொல்கிறது. விதிவிலக்கான சூழலுக்குப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஊருக்குள் நான் விளக்கைப் போடுவதே இல்லை, மேலே மூடி போட்டுவிடுவேன்.

காலப்போக்கில் வந்த தொல்லைகளையும் சொல்ல வேண்டும். முதலில் போனது பிராக்கெட். மெல்லிய தகடு, மண் சாலை அதிர்வில் மடிப்பிலேயே விரிசல் விட்டது. பட்டறையில் தடித்த தகட்டில் அதே அளவுக்கு வெட்டி வாங்கி, அதிர்வில் கழலாத நைலாக் நட் போட்டேன். அதன் பிறகு அசையவில்லை. தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி67 தரக்குறி பெட்டியில் போட்டிருந்தும் ஒரு விளக்குக்குள் மழைக்காலத்தில் ஆவி படிந்தது. எல்இடியில் ஹாலஜன் அளவுக்குக் கண்ணாடி சூடாகாது, உள்ளே போன ஈரம் சீக்கிரம் வெளியேறாது. கழற்றி வெயிலில் காய வைத்து, வயர் நுழையும் இடத்தில் சிலிகான் வைத்ததும் சரியானது. 21 அங்குல முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு விளக்கின் பின்புறத் துடுப்புகளில் அடைத்து இறுகிவிடுகிறது. சூடு வெளியேறும் வழியே அதுதான், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் மாலையில் எங்கேயாவது நின்றால் விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க இறக்கைதான்.

ஸ்விட்ச் இருக்கும் இடத்தையும் யோசித்து வையுங்கள். என்னுடையது இடது கைப்பிடியில், ஹாரனுக்கு மேலே. கிளட்ச்சிலிருந்து விரல்களை எடுக்காமலே கட்டைவிரலால் அணைக்கலாம். எதிரே வண்டி தெரிந்ததும் அணைத்துவிடுகிறேன். சைக்கிளில் வரும் பெரியவருக்கும் அதே மரியாதைதான், லாரிக்காரராவது திருப்பி டிம் அடித்துக் கேட்பார், அவரால் அதுவும் முடியாது.