நைலானா அலுமினியமா? செம்பனைத் தோட்டப் பாதையில் ஆர்.சி. ட்ரக்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஆர்.சி. ட்ரக், அதாவது ரிமோட்டில் ஓடும் சிறு ட்ரக், ஓட்டுகிறவர்களுக்கு இடம் ஏறக்குறைய ஒன்றுதான். செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதை, அதன் ஓரத்துக் கால்வாய், விட்டால் தோட்டத்துப் பந்துத் திடல். வெயில் நாளில் லேட்டரைட் கல் துருத்திக்கொண்டு நிற்கும். மழை பெய்த மறுநாள் டிராக்டர் தடம் பள்ளமாகி வண்டியின் அடிப்பாகம் தட்டும். பாகம் மாற்றப் பணம் போடும்போது இந்தத் தரையை நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பாதி, கார்பெட் விரித்த ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் சொல்வது. மீதியில் நிறைய, குளிர் நாட்டுக்காரர்கள் சொல்வது.

இங்கே நான் ஒப்பிடுவது டிராக்ஸஸ் ஸ்லாஷை வைத்து. 2008-இல் வந்த பத்தில் ஒரு பங்கு அளவு ட்ரக் இது. பாகம் கிடைப்பது சுலபம் என்பதால் நம் பக்கத்தில் பலர் கையில் இருக்கிறது. வேறு கம்பெனி ட்ரக் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

முதலில் ஆர்ம். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டமான சேஸியோடு இணைக்கும் கீழ்க் கை இது. எல்லாருக்கும் முதலில் உடைவதும் இதுதான். உடைந்ததும் கண் போவது பளபளக்கும் அலுமினிய ஆர்ம் பக்கம். ஈப்போவில் சாமான் வாங்கப் போன இடத்தில் ஒரு பையன் கேட்டான், "அண்ணே, அலுமினியம்னா உடையாதுல்ல?" கூட வந்த மூத்தவர் சொன்னார், "உடையாது தம்பி, வளையும். வளைஞ்சா எப்படி நிமித்துவே?"

விஷயமே அதுதான். வேகமாகப் போய்க் கால்வாய்க் கட்டையில் சக்கரம் மோதினால், அந்த அடி எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். நைலான் ஆர்ம் அந்த நொடி வளைந்து, திரும்பப் பழைய நிலைக்கு வந்துவிடும். அலுமினியம் கொஞ்சம் வளைந்தால் அப்படியே நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத அளவு வளைவு போதும், ஆர்ம் அசையும் அச்சான ஹிஞ்ச் பின் இறுகிவிடும். ஆர்ம் மேலும் கீழும் தானாக விழாது, கையால் தள்ள வேண்டியிருக்கும். வளையவில்லை என்றால் இன்னும் மோசம்: அடி நேராக உள்ளே போய், ஆர்ம் மாட்டியிருக்கும் பல்க்ஹெட் என்ற சட்டத்தையோ, அதிர்வு தாங்கும் ஷாக்கின் மேல்முனை மாட்டும் ஷாக் டவரையோ பிளக்கும். ஆர்ம் மாற்றச் சில பின், திருகுகளைக் கழற்றினால் போதும். பல்க்ஹெட் மாற்ற வண்டியின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும்.

எடையும் இருக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி நைலானைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆர்ம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் பாகம். அங்கே எடை கூடினால் ஷாக் அதை அடக்கத் திணறும், சிறு கல்லுக்கும் சக்கரம் தரையை விட்டு எழும்.

ஆகவே ஆர்முக்கு நான் சொல்வது ஆர்.பி.எம். கம்பெனி செய்வது மாதிரியான நைலான் ஆர்ம்தான். உடைந்தால் மாற்றித் தருவோம் என்று அந்தக் கம்பெனி உத்தரவாதமே கொடுக்கிறது. நம் ஊருக்கு இன்னொரு சாதகமும் உண்டு. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் விறைப்பு குறைந்து, அடி தாங்கும் சக்தி கூடும். உறைபனிக் குளிரில் பிளாஸ்டிக் ஆர்ம் பட்டென்று உடைவதாக வரும் புகாருக்கு இங்கே இடமே இல்லை. குறை என்று பார்த்தால், வளைகிற ஆர்ம் திருப்பத்தில் கொஞ்சம் தளர்வாக இருக்கும். ரேஸில் அது நொடிகளைத் தின்னும். செம்மண் பாதையில் யாருக்கும் தெரியாது.

ஷாக் விஷயத்தில் என் பதில் வேறு. இங்கே அலுமினியத்துக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. ஸ்லாஷோடு வரும் பிளாஸ்டிக் ஷாக் மெதுவான ஓட்டத்துக்குப் போதும். உயரமாகத் தாவி விழ ஆரம்பித்தால் உள்ளே அழுத்தம் ஏறும், மேல் மூடியின் மரைதான் அதைத் தாங்க வேண்டும். பிளாஸ்டிக் மரை ஒரு நாள் வழுக்கும், மூடி எகிறும், எண்ணெய் முழுக்கச் செம்மண்ணில். முழு அலுமினிய ஷாக் செட் வாங்கினால் இந்தத் தொல்லை போகும். ஸ்பிரிங்கைக் கிளிப் வைத்துத் தூக்குவதற்குப் பதிலாக மரை வளையத்தைத் திருகியே உயரத்தை நுணுக்கமாக வைக்கலாம். ஆனால் விலை கடிக்கும். நடுவழி ஒன்று உண்டு: பழைய பிளாஸ்டிக் ஷாக்கையே வைத்துக்கொண்டு மூடியை மட்டும் அலுமினியத்துக்கு மாற்றுவது. முழு செட்டுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்குவதாக இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எந்த ஷாக் போட்டாலும் எண்ணெயைக் கவனிக்காவிட்டால் வீண். ஸ்லாஷ் 30 எடை சிலிக்கான் எண்ணெயோடு வருகிறது (எண் கூடினால் எண்ணெய் கெட்டி). பொதுவான அட்டவணைப்படி அது சுமார் 350 சி.எஸ்.டி. (கெட்டித்தன்மையின் அலகு). வெயில் ஏற ஏற எண்ணெய் நீர்த்துப் போகும். மத்தியான வெயிலில் தாவவிட்டு ஓட்டுகிறவர்கள் 40 எடைக்கு, அதாவது 500 சி.எஸ்.டி.க்குப் போகலாம். அதற்காகக் கெட்டியாக ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. டிராக்டர் சக்கரம் போட்ட வரிவரியான பாதையில், ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். நாலைந்து மேட்டில் வண்டி தாழ்ந்துபோய் அடிப்பாகம் உரசும். திடலில் மட்டும் தாவுகிறவருக்கு 40, பாதையில் ஓடுகிறவருக்கு 35 என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி பார்ப்பது எளிது. பேட்டரி போட்ட வண்டியை முட்டி உயரத்திலிருந்து தட்டையாகப் போடுங்கள். ஒரே தடவை அமுங்கி எழுந்து நிற்க வேண்டும். நிற்கும்போது ஆர்ம் தரைக்கு இணையாக இருந்தால் நல்லது. திரும்பத் திரும்பத் துள்ளினால் எண்ணெய் போதவில்லை, அல்லது உள்ளே காற்று இருக்கிறது. எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் இழுத்து, குமிழி எல்லாம் மேலே வரும்வரை ஷாக்கை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் நசுக் நசுக் என்று சத்தம் வரும், அதைக் கேட்டே கண்டுபிடிக்கலாம். அப்புறம், ஷாக் கம்பியைச் சுற்றி எண்ணெயை அடைத்து வைக்கும் ஓ-ரிங்கைச் செம்மண் தூசி தேய்ப்பதில் பிளாஸ்டிக், அலுமினியம் என்ற பேதம் பார்ப்பதில்லை. ஓட்டி முடித்ததும் ஷாக் கம்பியைத் துடைத்து வைப்பவர் ஷாக் மட்டும்தான் ஒழுகாமல் இருக்கும்.

இப்போது பாடி, அதாவது வண்டியின் மேல்கூடு. வெளிப்படையான பாலிகார்பனேட் பாடி வாங்கி நாமே பெயிண்ட் அடிப்பது ஒரு வழி, நிறம் போட்டுக் கத்தரித்து வருவதை வாங்குவது இன்னொன்று. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், காரணம் அழகு மட்டும் இல்லை. பெயிண்டை உள்பக்கம் அடிப்பதால் வெளியே எவ்வளவு உராய்ந்தாலும் நிறம் போகாது. தாமியா பி.எஸ். மாதிரி பாலிகார்பனேட்டுக்கென்றே உள்ள ஸ்பிரே வேண்டும். ஹார்ட்வேர் கடைச் சாதாரண ஸ்பிரே பாடி வளையும்போது செதில் செதிலாக உரியும். மழை வரும் சாயங்காலம் அடிக்காதீர்கள், ஈரக் காற்றில் பெயிண்ட் வெளுத்துப்போகும். காலையில் வெயில் ஏறியதும் அடிப்பது நல்லது. பாடி வெளிப்படையாக இருப்பதால் முதலில் அடிக்கும் நிறம்தான் வெளியே முன்னால் தெரியும். அதனால் அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு.

ஆயுளைத் தீர்மானிப்பது பெயிண்ட் இல்லை, கத்தரிக்கோல். சக்கர வளைவில் கூரான மூலை விட்டு வெட்டியிருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மூலையை உருண்டையாக வெட்டுங்கள். ஏற்கெனவே விரிந்திருந்தால் அதன் நுனியில் சின்ன ஓட்டை போட்டால் மேலே ஓடாது. பிறகு உள்பக்கம் சுவர் ஒட்டுக்குப் போடும் ஃபைபர் வலை டேப்பை வைத்து, மேலே ஷூ கூ பசையை விரலால் பரப்பிக் காயவிடுங்கள். முன் மூலை இரண்டு, கூரை, பாடி கம்பம் வரும் ஓட்டைகள், இவ்வளவு போதும். முழுக்கப் பூசினால் எடை மேலே ஏறி வண்டி புரளும். தொழிற்சாலையில் நிறம் போட்டு வரும் பாடியையும் இப்படியே பலப்படுத்தலாம். பெயிண்ட் அடிக்க நேரம் இல்லாதவர்கள் தாராளமாக அதை வாங்கலாம்.

ஸ்லாஷ் மாதிரி அகலமான பாடிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தாவும்போது உள்ளே காற்று அடைத்து முன்பக்கத்தைத் தூக்கிவிடும். பின் பக்கத்தில் ஓட்டைகள் வெட்டினால் காற்று வெளியே போகும், தாவல் நேராக வரும். இதற்குச் செலவே இல்லை.

கெட்டியான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாடி இந்த வேலைக்கு ஆகாது. தாமியாவின் 1987 லஞ்ச்பாக்ஸ் வண்டி போட்டிருப்பது அந்த வகைதான். பார்க்க நிஜ வண்டி மாதிரியே இருக்கும், ஆனால் கனம், வேகத்தில் புரண்டால் உடையும். ஆற்றங்கரைப் பாறையில் மெதுவாக ஏற்றி இறக்கும் கிராலர்காரர்களுக்கு அது பொருந்தும். 2017-இல் வந்த டிராக்ஸஸ் டி.ஆர்.எக்ஸ்-4 மாதிரி கிராலர் வண்டிகளுக்கு எடையைப் பற்றி நான் மேலே சொன்னது தலைகீழ்: அங்கே அடி விழுவதில்லை, சக்கரத்துக்குப் பக்கத்தில் எடை இருந்தால் வண்டி கவிழாமல் பிடித்து ஏறும். அந்த ஓட்டத்துக்குப் பித்தளை நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) வரைக்கும் போகலாம்.