9 ஓட்டை, 6 ஒயர்

80களில் வந்த ஜாய்ஸ்டிக் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைச் செகாவின் மெகா டிரைவ் வீடியோ கேம் கன்சோலுக்கு மாற்றலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே வேலையைச் செய்து, சில வருடங்களாக அதை வைத்தே விளையாடுகிறவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. இப்போதுதான் அதன் கேபிளை மறுபடி மாற்றி முடித்தேன். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. அதையும் கணக்கில் சேர்த்தே படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது மைக்ரோசுவிட்ச் வகை, அதாவது ஒவ்வொரு திசைக்கும் உள்ளே ஒரு சின்னச் சுவிட்ச். குட்டையான தண்டு, உருண்டைத் தலை, இரண்டு பக்கமும் பெரிய பொத்தான்கள். தண்டைச் சாய்த்தால் 'டக்' என்று ஒரு சத்தம், விரலிலும் தெரியும். எந்தக் கணத்தில் திசை மாறியது என்பதில் சந்தேகமே வராது. கன்சோலோடு வந்த பேடில், அதாவது கையில் பிடித்து விரலால் அழுத்தும் கருவியில், ரப்பருக்கு அடியில் கார்பன் பொட்டு இருக்கும். அது பழசாகப் பழசாக எப்போது ஒட்டுகிறது, எப்போது விடுகிறது என்றே தெரியாது. விண்கலத்தை ஓட்டிச் சுடும் விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் பெரிது. குண்டுகளுக்கு நடுவில் ஒரு கலத்தின் அகலத்துக்கு மட்டும் நகர வேண்டியிருக்கும்போது, தண்டைத் தட்டிவிட்டால் போதும்.

மைக்ரோசுவிட்ச் போனாலும் கவலையில்லை. இந்த அளவுச் சுவிட்சுகள் இன்றும் தயாராகின்றன. கழற்றி மாட்ட வேண்டியதுதான். உலோகத் தகடு வளைந்து தொடும் பழைய வகைகளுக்கு அந்த வசதி கிடையாது. தகடு களைத்துப்போனால் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, மாற்றுவதில் என்னதான் சிக்கல்? 1977இல் அட்டாரி தன் கன்சோலில் கொண்டுவந்த 9 பின் (ஊசி) இணைப்பைப் பிறகு ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1982இல் வந்த காமடோர் 64 கணினியிலும் அதேதான், 1988இன் மெகா டிரைவிலும் பார்வைக்கு அதேதான். சொருகினால் உள்ளே போகும். 1 முதல் 4 வரை மேல், கீழ், இடது, வலது, 6இல் பொத்தான், 8இல் கிரவுண்ட், அதாவது 0 வோல்ட். இதுவரை எல்லோரும் ஒற்றுமை. மீதி மூன்றில்தான் குடுமிப்பிடி. அட்டாரியிலும் காமடோரிலும் 5 வோல்ட் வருவது 7ஆம் பின்னில். மெகா டிரைவில் அதே 5 வோல்ட் 5ஆம் பின்னில் வருகிறது. 7ஆவது, கன்சோல் பேடைப் பார்த்து 'இப்போது எந்தப் பொத்தான்களைச் சொல்கிறாய்' என்று கேட்கும் செலக்ட் கம்பி.

அந்தக் கம்பி 5 வோல்ட்டில் இருந்தால் 6, 9 இரண்டும் பி, சி பொத்தான்களைச் சொல்ல வேண்டும். 0 வோல்ட்டுக்கு இறங்கினால் ஏ, ஸ்டார்ட். இதைச் செய்ய 74ஹெச்சி157 என்ற ஒரே ஒரு சிப் போதும். நான்கு ஜோடிகளில் எது வெளியே போக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் அதன் வேலை. நமக்குத் தேவையும் நான்கே: 3, 4, 6, 9. செலக்ட் இறங்கும்போது 3, 4 இரண்டையும் கிரவுண்டில் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் 'மெகா டிரைவ் பேட் வந்திருக்கிறது' என்று விளையாட்டுகள் கண்டுபிடிக்கின்றன. மேல், கீழ் திசைகள் இரண்டும் சிப்பைத் தொடாமல் நேராகப் போய்விடும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். சிப் இல்லாமல் நேராக ஒயரை இழுத்தால் சி அழுத்தும்போதெல்லாம் ஸ்டார்ட்டும் சேர்ந்து விழுந்து விளையாட்டு நின்று நின்று போகும்.

பெரும்பாலானவர்கள் அந்தச் சிப்பை ஜாய்ஸ்டிக்குக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படி மாற்றியதை ஒருநாள் மறந்துபோய்க் காமடோரில் சொருகினால், சிப்புக்கு முறையான மின்சாரம் வராது. 7ஆம் பின் வழியாகக் கோணல்மாணலாக உயிர்பெற்று, விசைப்பலகையும் பங்குபோட்டுக்கொள்ளும் கம்பிகளில் போய் மல்லுக்கட்டும். காமடோருக்குள் அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் 6526 சிப் பழையது, கெட்டால் புதிதாகத் தயாரிப்பாரில்லை. அதனால் என் ஜாய்ஸ்டிக்கில் வெறும் சுவிட்சுகள் மட்டும்தான். சிப், ரெசிஸ்டர் எல்லாம் வெளியே, ஜாய்ஸ்டிக்குக்கும் கன்சோலுக்கும் நடுவில் ஒரு சின்ன டப்பாவில்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம் கிடைத்தது. திசை நான்கு, பொத்தான் நான்கு, கிரவுண்ட் ஒன்று: மொத்தம் 9. பிளக்கில் இருப்பதும் 9. ஒரு பின் மிச்சமில்லை, ஒன்று குறையவுமில்லை. நின்டெண்டோவின் 8 பிட் கன்சோலுக்கும் தேவை அதே எட்டுச் சுவிட்சுகள்தான். அங்கே 4021 என்ற சிப் எட்டையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், அப்புறம் நான்கு திசைகள். இன்னொரு டப்பா செய்தேன், அதே ஜாய்ஸ்டிக் அங்கேயும் ஓடியது. ஏடிமெகா 32யு4 என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்றை மூன்றாவது டப்பாவில் வைத்தால் யுஎஸ்பி வழியாகக் கணினியிலும் ஓடும். ஜாய்ஸ்டிக்கைத் திறக்கவே வேண்டாம்.

உள்ளே செய்த வேலையும் பெரிதல்ல. அந்தக் காலத்து ஜாய்ஸ்டிக்குகளில் இரண்டு பொத்தான் இருந்தாலும் இரண்டும் ஒரே கம்பியில்தான் போய்ச் சேரும். அதை வெட்டிப் பிரித்துவிட்டேன். ஏ, ஸ்டார்ட் இரண்டுக்கும் சின்னப் பொத்தான்கள் வைக்கப் பின்பக்கம் துளை போட்டேன். தானாகச் சுடும் சர்க்யூட் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அது 7ஆம் பின்னில் மின்சாரத்தைத் தேடும். மூடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிளாஸ்டிக்கில் நேராக ஏறும் ஸ்க்ரூவை முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பழைய மரைக்குள் 'டொக்' என்று விழும், பிறகு முறுக்குங்கள். இல்லையென்றால் புது மரை வெட்டி அந்தத் தூணையே பிளந்துவிடும்.

இனி கேபிள். என் ஆத்திரமெல்லாம் இதன்மேல்தான்.

பழைய ஜாய்ஸ்டிக்கின் கேபிளில் பெரும்பாலும் இருப்பது ஆறு ஒயர்: நான்கு திசை, ஒரு பொத்தான், ஒரு கிரவுண்ட். அதற்குமேல் அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படவில்லை, அதில் குறை சொல்ல முடியாது. நான் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கின் உடம்பிலேயே ஒரு 9 ஓட்டைச் சாக்கெட் பதித்தேன். கேபிள் போனால் கேபிளை மட்டும் மாற்றலாம் என்ற நினைப்பு. நினைப்பு சரிதான். ஆனால் அந்தக் கேபிளை எங்கே போய்த் தேடுவது?

'9 பின் ஜாய்ஸ்டிக் நீட்டிப்புக் கேபிள்' என்று விற்கிறார்கள். ஒரு முனையில் ஒன்பது ஊசி, மறுமுனையில் ஒன்பது ஓட்டை, எல்லாம் பளபளவென்று இருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் உள்ளே ஆறே ஒயர். 5, 7, 9 மூன்றும் வெறும் அலங்காரம். இம்முறை வந்ததும் அப்படித்தான். இரண்டு முனையும் உருக்கி ஊற்றிய பிளக், திறக்கவும் வழியில்லை. விற்றவரிடம் கேட்டால் '9 பின் என்றுதானே போட்டிருந்தோம்' என்கிறார். ஊசியை எண்ணி விற்பவரிடம் ஒயரைப் பற்றி என்ன பேசுவது!

சரி, கணினியின் சீரியல் கேபிளில் ஒன்பதும் இருக்குமே என்று அங்கே போனால் வேறு தலைவலி. குறுக்கு இணைப்பு வகை கையில் கிடைத்தால் 2உம் 3உம் மாறியிருக்கும். கீழே அழுத்தினால் இடதுபக்கம் போகும். முழு இணைப்பு உள்ளதென்றால் 4உம் 6உம், 7உம் 8உம்கூட இடம் மாறியிருக்கும். நேர் இணைப்பு வகையே கிடைத்தாலும் அதன் தடித்த உறையும் இரண்டு பக்க ஸ்க்ரூக்களும் கன்சோலின் சாக்கெட் குழிக்குள் போகாது. ஸ்க்ரூக்களைப் பிடுங்கி, உறையைக் கத்தியால் செதுக்கி, பலா உரிப்பதுபோல் உரித்தால்தான் உட்காரும். அப்படிச் செதுக்கிய பிளக் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. செதுக்கிய இடத்தில் பிடிமானம் இல்லாமல் ஒயர் ஆடி ஆடி உள்ளே அறுந்தும் போகிறது. என் முந்தைய கேபிளில் இடதுபக்கம் விட்டுவிட்டு வேலை செய்ததற்கு அதுதான் காரணம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆறு ஒயர் கேபிள் அப்படியே வீணாகவில்லை. என் ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பொத்தான் 7ஆம் பின்னில் இருக்கிறது. ஒன்பது ஒயர் கேபிளோடு காமடோரில் நேராகச் சொருகி ஸ்டார்ட்டை அழுத்தினால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆறு ஒயர் கேபிளில் அந்த ஆபத்தே இல்லை; டப்பாவும் தேவையில்லை, நேராக மாட்டலாம். அதனால் அதைக் காமடோருக்கும் அட்டாரிக்கும் ஒதுக்கிவிட்டு, ஒன்பது ஒயர் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். பேட் வாங்கிக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்கின் கை சுகத்துக்கு ஈடில்லை, என் பேட் மேசை இழுப்பறைக்குள் போய் வெகுநாளாகிறது, இன்று ராத்திரியும் இதில்தான் விளையாடப் போகிறேன். அதெல்லாம் உண்மை. இருந்தாலும் வேண்டாம். சண்டை விளையாட்டுகள்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் கட்டாயம் வேண்டாம். இந்தக் கட்டித் தண்டை வைத்துக் கால் பங்கு வட்டம் சுழற்றினால் மணிக்கட்டு மறுநாள் வரை வலிக்கும்.

கேட்கமாட்டேன், செய்தே தீருவேன் என்றால், ஜாய்ஸ்டிக்கின் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். முதலில் கேபிளை வாங்கி, மீட்டரை வைத்து ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தால், எனக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.