புகை அலாரம் முதல் திறப்புக் கொழுக்கி வரை: வீட்டு நெருப்புப் பாதுகாப்புப் பொருட்கள், நீண்டநாள் பாவனைக்குப் பிறகு

புகை அலாரத்தில் ஒளிக்கதிரால் புகையைப் பிடிக்கும் வகைதான் எங்கள் வீடுகளுக்குத் தோது. மற்றதான, மின்னேறிய காற்றால் புகையை உணரும் அயனாக்க வகை குசினியில் கடுகு தாளித்தாலே கத்தும். ஆனால் நுளம்புத்திரி சரிந்து மெத்தை உள்ளுக்குள் கருகும்போது பிந்தித்தான் விழிக்கும். சீலிங் இல்லாத ஓட்டு வீட்டில் புகை நேரே முகட்டுக்குப் போகும். ஆளுயரச் சுவரில் அடித்த அலாரத்தால் பிரயோசனம் குறைவு. படுக்கையறை வாசலுக்கு வெளியே, முகட்டின் உச்சி மூலையிலிருந்து நான்கு அங்குலம் விட்டுக் கீழே பூட்டுங்கள். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும். சாம்பிராணி போடும் சாமியறைப் பக்கமும் வேண்டாம்.

வாங்கி ஒரு வருசத்தில் தொல்லை தொடங்கும். புழுதியும் குட்டிச் சிலந்தியும் உள்ளே போய் நடுச்சாமத்தில் சும்மா கத்தும். யாராவது பற்றறியைக் கழற்றி றிமோட்டுக்குப் போட்டுவிடுவார்கள், அதோடு கதை முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய தூரிகையால் துளைகளைத் துடைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். 9 வோல்ட் பற்றறியை வருசத்துக்கு ஒன்று மாற்றவேண்டும். பின்பக்கத்தில் அச்சிட்ட உற்பத்தித் திகதியிலிருந்து 10 வருசம் போனால், கத்தினாலும் அதை எறிந்துவிடலாம்.

காஸ் கசிவு அலாரத்தை 2021 கடைசியில், இலங்கையில் சிலிண்டர் வெடிப்புச் செய்திகளுக்குப் பிறகு, பலர் வாங்கினார்கள். புகை அலாரம் போல மேலே பூட்டியவர்கள் கன பேர். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது, நிலத்தோடு படரும். ஆகவே நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில், சிலிண்டர் பக்கம் பூட்டவேண்டும். நேரடி மின்சாரத்தில் ஓடுவதால் கறண்ட் நின்றால் அதுவும் படுத்துவிடும். நுளம்பு மருந்து அடித்தாலும் கத்தும். இதைவிடச் சவர்க்கார நுரை நம்பகமானது: சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் வால்வுக் கழுத்திலும் கிளிப்பிலும் பூசி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரியூப் முதலில் இறுகி வெடிப்பது கிளிப் கடிக்கும் இடத்தில்தான். இரண்டு வருசத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மணம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது. றெகுலேற்றரை மூடிவிட்டுக் கதவைத் திறப்பதுதான் முதல் வேலை.

தீயணைப்புச் சிலிண்டரில் 1 கிலோ பவுடர் பத்து வினாடி வரைதான் வரும். வாங்கினால் 2 கிலோ வாங்குங்கள். பவுடர் அடியில் இறுகும் என்பதால் மாதம் ஒருமுறை கவிழ்த்துக் குலுக்கி, அமுக்கமானி ஊசி பச்சையில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். கரையோர ஊர்களில் உப்புக்காற்று அடித்தட்டைத் தின்னும். நிலத்தில் வைக்காமல் சுவரில் கொழுவுங்கள். அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல, குசினி வாசலில். தாச்சி எண்ணெயில் நெருப்புப் பிடித்தால் கிட்டநின்று பவுடர் அடிக்க வேண்டாம், எண்ணெய் சிதறும். தண்ணீரை நினைக்கவே கூடாது. அடுப்பை நிற்பாட்டி, பெரிய சட்டிமூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடி, எண்ணெய் ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். திறந்தால் மறுபடி பற்றும்.

ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் மின்கசிவில் விழுவது ஆளைக் காப்பாற்றும். தளர்ந்த பிளக் சூடாகிக் கருகுவதை அது கண்டுபிடிக்காது. 2000 வாற் கேத்தில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். அதையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் ஒரே மல்ரிபிளக்கில் கொழுவினால் பிளக் மண்ணிறமாகும், மீன் வெடுக்குப் போல ஒரு மணம் வரும். அந்த மணத்தை அசட்டை செய்யக் கூடாது.

நெருப்பென்றதும் மெயின் சுவிட்சை நிற்பாட்டுவோம். அந்த நிமிசமே கிணற்று மோட்டாரும் நின்றுவிடும். மேல்தாங்கி உள்ளவர்கள், வீட்டின் கடைசி மூலை வரை எட்டும் குழாயொன்றை வெளிப்பைப்பில் நிரந்தரமாகப் பூட்டி வைக்கலாம். மற்றவர்களுக்குத் துலாவோ கப்பிவாளியோதான் துணை. மறந்தும் மின்சாரம் உள்ள இடத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எல்லாவற்றிலும் மலிவானதும் உதவியானதும் ஒரு இரும்புக் கொழுக்கி. யன்னலெல்லாம் கம்பி, வாசலில் இழுவைக் கதவு, அதில் ஆமைப்பூட்டு: கள்ளனுக்குப் போட்ட இந்தக் காவல் புகைக்குள் எங்களையே அடைத்துவிடும். திறப்பு அம்மாவின் தலையணைக்குக் கீழே இருந்தால் மற்றவர்கள் எப்படி வெளியேறுவது? உள்பக்கமாக, யன்னலால் கையெட்டாத தூரத்தில், சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் கொழுக்கி அடித்து, படுக்கைக்குப் போகுமுன் திறப்பை அதில் போடுங்கள். பின்கதவுக்கும் தனியாக ஒன்று. யன்னல் கம்பியில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி இரும்பு ஒட்டுக்காரரிடம் பிணைச்சல் வைத்துச் செய்விக்கலாம். ஆமைப்பூட்டுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்றில் அது இறுகும்.