ஃபோன் இல்லாத ஞாயிறுக்கு எந்த கேரம் போர்டு?

கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மழை வலுத்தால் வடசென்னையில் புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் வீட்டுக்குள்தான். வாரத்தில் ஒரு மாலையாவது டிவியும் செல்லும் வேண்டாம் என்று முடிவெடுக்கிற வீட்டுக்கு கேரமைவிடப் பொருத்தமான துணை இல்லை. ஆனால் அந்த முடிவு எத்தனை வாரம் நிற்கும் என்பது வாங்கும் போர்டைப் பொறுத்தது. காய் ஓடாமல் ஒட்டினால் அரை மணி நேரத்தில் ஆட்டம் சலித்துவிடும், கை தானாகச் செல்லைத் தேடும்.

பொம்மைக் கடைகளில் தொங்கும் 20, 26 அங்குல போர்டு வேண்டவே வேண்டாம். அதில் ஒட்டுப்பலகை மெல்லிசு. ஒரு மழைக்காலத்திலேயே நடுவில் குழிந்துவிடும். பிறகு மெதுவாக அடித்த காயெல்லாம் நடுவை நோக்கி வளையும். சின்னப் பிள்ளைகள்தானே என்று வாங்கிக் கொடுத்தால், அவர்கள் குறி பார்க்கக் கற்றுக்கொள்வதற்குள் போர்டு பாழாகிவிடும்.

போட்டி அளவு என்பது ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், அதாவது 29 அங்குலம். பாக்கெட் 4.45 செ.மீ. விட்டம். பலகை 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வீட்டுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: 29 அங்குலப் பரப்பு, 8 மி.மீ. பலகை, 2 அங்குலச் சட்டம். 12 மி.மீ. இன்னும் உறுதி, ஆனால் அதைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தெடுக்கவே இரண்டு பேர் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் கட்டிலை ஓரம் தள்ளிவிட்டால் நாலு பேர் தாராளமாக உட்காரலாம்.

பாரிமுனையிலோ பெரியமேட்டிலோ வாங்கப் போகும்போது ஒரு நூலைக் கையில் எடுத்துப் போங்கள். மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்தால் நூலுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. போர்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் குறுக்குச் சட்டம் இருக்க வேண்டும். அடுத்து பவுடர் போடச் சொல்லி, ஸ்ட்ரைக்கரை முழு பலத்தில் நேராக அடியுங்கள். நல்ல போர்டில் அது மூன்றரை தடவை போய்வர வேண்டும். சர்வதேச விதியே அப்படித்தான் சொல்கிறது. இரண்டாவது ஓட்டத்திலேயே செத்து நின்றால் சட்டத்தின் மரம் மிருதுவாக இருக்கும், அல்லது பரப்பின் பாலிஷ் பிசுபிசுப்பாக இருக்கும். பாலிஷ் பிசுக்கு பவுடர் போட்டுத் துணியால் தேய்க்கத் தேய்க்கச் சரியாகும். மரம் மிருதுவானால் ஒன்றும் செய்ய முடியாது.

செட்டோடு சும்மா கொடுக்கும் ஸ்ட்ரைக்கரை ஒதுக்கிவிட்டு, தனியாக நல்லதாக ஒன்று வாங்குங்கள். 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 4.13 செ.மீ.க்குள். கண்ணாடி மேல் வைத்து ஓரத்தை அழுத்தினால் ஆடக் கூடாது. காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஸ்டாண்டில் பிடியுங்கள். தெருமுனையில் அண்ணன்மார்கள் டிரம் மேல் வைத்து ஆடுவதுபோல் வீட்டிலும் ஆடலாம், போர்டு மட்டமாக இருந்தால் போதும்.

இனி ஈரம். கடலோர ஊரில் மழைக்காலத்துக் கேரமுக்கு இதுதான் பெரிய எதிரி. காற்றின் ஈரத்தை மரக்காயும் உறிஞ்சும், பவுடரும் உறிஞ்சும். காய் ஓடவில்லையே என்று மேலும் மேலும் பவுடர் கொட்டினால் அது கட்டிதட்டி, காயின் அடியில் அப்பிக்கொண்டு இன்னும் மோசமாக்கும். முதலில் போர்டைக் காய்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்து, அரை மணி நேரம் ஃபேனுக்கடியில் வையுங்கள். வெயிலில் காய வைத்தால் பலகை வளையும். ஆடத் தொடங்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, சிட்டிகை பவுடரைத் தூவி உள்ளங்கையால் பரப்பினால் போதும். கேரம் மன்றங்களில் போர்டுக்கு நேர் மேலே குண்டு பல்பைத் தாழத் தொங்கவிடுவது வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, அந்தச் சூட்டில் பரப்பும் காயும். எல்இடி பல்பில் அந்தப் பயன் கிடையாது. பழைய 60 வாட் பல்பும் ஒரு ஷேடும் கிடைத்தால் அதையே மாட்டுங்கள்.

கேரம் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம்தான். வயிற்றுக்குள் போனால் விஷம். பஜ்ஜித் தட்டைப் போர்டு பக்கமே கொண்டுவராதீர்கள். ஆடி முடித்ததும் பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். டப்பா சமையலறையில் இருக்கவே கூடாது.

மாலையை ஓட்ட ஒரு கணக்கு இருந்தால் நல்லது. 25 புள்ளி அல்லது 8 போர்டு (காய் அடுக்கி ஆடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு போர்டு), எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு ஆட்டம் முடியும். சிவப்புக் காய்க்கு 3 புள்ளி, 22 எட்டிய பிறகு அந்த மூன்று கிடையாது. ஸ்கோரை நோட்டில் எழுதுங்கள். ஸ்கோருக்காகச் செல்லை எடுத்தால் அது மறுபடி உள்ளே போகாது. ‘ஃபாலோ’, அதாவது சிவப்பைத் தொடர்ந்து தன் காய் ஒன்றைப் போடாவிட்டால் சிவப்பு திரும்ப நடுவுக்கு, ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஒரு காய் மைனஸ் என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். சண்டை வருவதே அங்கேதான்.

பெண் பிள்ளைகளையும் சமமாக உட்கார வையுங்கள். 2008-ல் உலகச் சாம்பியனான இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைதான். இந்தப் பகுதியில் இது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பிள்ளைகள் படியேறிய விளையாட்டு.

ஆட்டம் முடிந்ததும் பவுடரைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, துணி போர்த்தி, போர்டைக் கிடையாகவே வையுங்கள். சுவரில் சாய்த்தால் வளையும். வெளிச்சுவரானால் ஓதமும் சேரும். தரைத்தள வீட்டில் கட்டிலுக்கடியில் இரண்டு ரீப்பர் கட்டைகளைப் போட்டு அவற்றின் மேல் வைக்கலாம். காய்களை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பாக்கெட் ஒன்றையும் உள்ளே போடுங்கள். அடுத்த ஞாயிறு காய் ஒட்டாது.